தூந்திராவில் களத் தன்னார்வலர்

மரம் வளர இயலாத அளவுக்குக் குறுகிய கோடையும், ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் அடிமண்ணும் கொண்ட வடதுருவச் சமவெளிகள் தூந்திரா எனப்படுகின்றன. உருகாத அந்த அடிமண் நிலையுறைபனி என்றும், கோடையில் மட்டும் இளகும் அதன் மேற்பகுதி செயற்படலம் என்றும் வழங்கப்படுகின்றன. உருகிய நீர் கீழே வடிய வழியின்றி மேற்பரப்பிலேயே தேங்கிவிடுவதால், மழை மிகக் குறைவாகப் பெய்யும் இந்நிலம் ஜூன் மாதத்தில் குளங்களும் சதுப்புகளும் பாசியும் கோரையும் நிறைந்த ஈரநிலமாக மாறிவிடுகிறது. அந்த ஈரத்தில் பெருகும் பூச்சிகளை நம்பி, தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா ஆகிய கண்டங்களின் கரைகளிலிருந்து பறவைகள் வந்து இறங்கி, முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, ஆகஸ்டு முடிவதற்குள் பெரும்பாலும் திரும்பிவிடுகின்றன. ஓர் ஆண்டின் இனப்பெருக்கம் முழுவதும் சில வாரங்களுக்குள் நடந்து முடிவதால், அதை ஆராய்வோரும் அதே வாரங்களுக்குள் பனியின் உருகல், பூச்சிகளின் எண்ணிக்கை, கூடுகளின் நிலை, வேட்டை விலங்குகளின் நடமாட்டம் ஆகிய அனைத்தையும் ஒரே நேரத்தில் பதிவு செய்தாக வேண்டியுள்ளது. ஓர் ஆய்வாளரும் அவருடைய மாணவர் இருவரும் மட்டும் இதைச் செய்ய இயலாது. ஆகவேதான், சம்பளமின்றியோ, உணவும் தங்குமிடமும் சிறு படியும் மட்டும் பெற்றோ பணிபுரியும் கள உதவியாளர்கள் தேவைப்படுகின்றனர்.

இப்பணியின் மதிப்பு அதன் தொடர்ச்சியில் இருக்கிறது. வடகிழக்குக் கிரீன்லாந்தில், ஏறத்தாழ 74 பாகை வட அட்சத்தில் உள்ள சாக்கன்பெர்க் ஆய்வு நிலையத்தில், 1990களின் நடுப்பகுதியிலிருந்து தாவரம், பூச்சி, பறவை, பாலூட்டி ஆகியவை ஆண்டுதோறும் ஒரே முறையில் கணக்கெடுக்கப்பட்டு வருகின்றன. 2018ஆம் ஆண்டுக் கோடையில் அங்குப் பனி வழக்கத்தைவிட மிக அதிகமாகவும் மிகத் தாமதமாகவும் கிடந்து, பெரும்பாலான தாவரங்களும் விலங்குகளும் அவ்வாண்டு இனப்பெருக்கமே செய்ய இயலாமல் போயின. ஒரே ஒரு கோடைக்குச் சென்று பார்த்தவருக்கு அது வெறும் வெறுமையான நிலமாகத் தோன்றியிருக்கும். இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட குறிப்பேடுகள் பின்னால் இருந்ததாலேயே, அது இயல்பிலிருந்து எவ்வளவு விலகிய ஆண்டு என்பதைச் சொல்ல முடிந்தது. தன்னார்வலர் ஒருவர் எழுதும் ஒவ்வொரு வரியும் இத்தகைய நெடுந்தொடரில் ஒரு கண்ணியாகச் சேர்கிறது. எனவே இந்த அத்தியாயம் கரடிகளைப் பற்றியும் காலணிகளைப் பற்றியும் பேசினாலும், அடிப்படையில் நேர்மையான பதிவு எவ்வாறு உருவாகிறது என்பதையே விளக்க முற்படுகிறது.

கூடு தேடுதல்

வடக்கு அலாஸ்காவின் கடலோரச் சமவெளியிலும் கனடாவின் ஆர்க்டிக் தீவுகளிலும் தன்னார்வலர்களுக்குப் பெரும்பாலும் ஒப்படைக்கப்படும் பணி, கரையோரப் பறவைகளின் கூடுகளைக் கண்டுபிடித்துப் பின்தொடர்வதாகும். நீர்விளிம்பின் சேற்றிலும் மணலிலும் இரை தேடும் உள்ளான், உப்புக்கொத்தி, மூக்கன் முதலிய இனங்கள் கரையோரப் பறவைகள் எனப்படுகின்றன. அமெரிக்காவின் வடகோடி நகரமும், 2016 வரை பாரோ என்ற பெயரில் அறியப்பட்டதுமான உட்கியாக்விக்கில், அந்நாட்டு மீன் மற்றும் வனவிலங்குச் சேவை 2003 முதல் இத்தகைய கூடு ஆய்வை நடத்தி வருகிறது. 2010 முதல் 2014 வரை அலாஸ்கா, கனடா, ரஷ்யா ஆகிய இடங்களின் பல களங்கள் ஒரே செயல்முறையைப் பின்பற்றி இயங்கிய ஆர்க்டிக் கரையோரப் பறவை மக்கள்தொகை வலையமைப்பு, ஓரிடத்தின் எண்ணை மற்றோரிடத்தின் எண்ணோடு ஒப்பிடும் வாய்ப்பை உருவாக்கியது. அவ்வொப்பீடு செல்லுபடியாக வேண்டுமானால் எல்லாக் களங்களிலும் எல்லா உதவியாளர்களும் ஒரே விதமாகத் தேடியிருக்க வேண்டும் என்பதால், தனக்கென ஒரு சிறந்த வழியைக் கண்டுபிடித்துக்கொள்ளும் திறமைசாலியைவிட, எழுதித் தரப்பட்ட செயல்முறையைப் பிசகாமல் பின்பற்றுபவரே இங்குப் பயனுள்ளவர்.

கூடு என்பது புல்லிடையே உடலால் அழுத்தி உருவாக்கப்பட்ட ஆழமற்ற குழி மட்டுமே; உள்ளே காய்ந்த இலைகள் சில, அவற்றின்மேல் கூர்முனைகள் நடுவை நோக்கியிருக்கப் பொதுவாக நான்கு முட்டைகள். பாசியின் நிறத்தோடு கலந்துவிடும் அம்முட்டைகளை நேரடியாகக் கண்ணால் தேடுவது பயனற்றது. தேட வேண்டியது பறவையின் நடத்தையை. பறவை எழுந்து பறக்கும்போது அது எங்கிருந்து எழுந்தது என்பதைக் கண்ணிமைக்காமல் குறித்துக்கொண்டு, பின்வாங்கி, தொலைவில் அமர்ந்து, அது மீண்டும் வந்து அமரும்வரை காத்திருப்பது முதல் முறை. குளிர்காற்றில் அரைமணி நேரம் அசையாமல் அமர்ந்திருக்கப் பழகாதவர்கள் இம்முறையில் தோற்பார்கள். மற்றொரு முறையில், இருவர் நீண்ட கயிற்றின் இரு முனைகளைப் பிடித்து நிலத்தின்மேல் இழுத்துச் செல்ல, அடைகாத்திருக்கும் பறவை கயிறு தீண்டும் தறுவாயில் எழுந்து தன் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. சில இனங்கள் சிறகு ஒடிந்ததுபோல் நடித்து இழுபட்டுச் செல்லும். சில, முதுகை வளைத்துக் கொறிவிலங்கு ஓடுவதுபோல் தரையோடு தரையாக ஓடும். இவ்விரு நடிப்பும் நரியைத் திசைதிருப்ப ஏற்பட்டவை. உதவியாளருக்கோ கூடு மிக அருகில் இருக்கிறது, அடுத்த அடியை எச்சரிக்கையோடு வைக்க வேண்டும் என்பதற்கான அறிவிப்பு. ஃபலரோப் எனப்படும் நீந்தும் கரையோரப் பறவைகளில் வண்ணம் மிகுந்த பெண் முட்டையிட்டுவிட்டு அகன்றுவிட, மங்கிய நிறமுடைய ஆணே அடைகாக்கிறது என்பதால், பெண் பறவையைப் பின்தொடர்ந்து கூட்டைத் தேடும் புதியவர் நாள் முழுவதையும் இழக்க நேரும்.

கூடு கிடைத்த பின் அதைப் பார்வையிடும் முறையில்தான் ஆய்வின் நெறி அடங்கியிருக்கிறது. அண்டங்காக்கையும் ஸ்குவா என்னும் கொள்ளைப் பறவையும் மனிதர்களின் நடமாட்டத்தை உயரத்திலிருந்து கவனிக்கின்றன. துருவ நரி மோப்பத்தைத் தொடர்கிறது. எனவே கூட்டை நோக்கி நேராகச் சென்று, நின்று, அதே வழியில் திரும்புவது கூடாது. இயல்பாக நடந்து அதைக் கடந்து செல்லும்போக்கில் பார்த்துக்கொண்டு, நிற்காமல் தொடர்ந்து செல்ல வேண்டும். அருகில் வேட்டைப் பறவை தென்பட்டால் அன்றைய பார்வையைக் கைவிட்டு, கைவிட்டதற்கான காரணத்தைக் குறித்துவைக்க வேண்டும். அடையாளக் குச்சியைக் கூட்டின் அருகில் நடாமல், குழு வகுத்துக்கொண்ட தொலைவிலும் திசையிலும் நட்டு, இடங்காட்டிக் கருவியில் ஆயத்தொலைவுகளைப் பதிவது வழக்கம். ஆய்வாளரின் வருகையே கூடுகள் அழியக் காரணமாகுமானால், அவர் அளப்பது பறவையின் வாழ்வாக இராது, தன்னால் விளைந்த சேதமாகவே இருக்கும்.

கண்டுபிடித்த தேதியைத் துல்லியமாகக் குறிப்பது ஏன் இன்றியமையாதது என்பதைப் புதியவர்கள் பலர் உணர்வதில்லை. முட்டையிட்ட மறுநாளே நரி தின்றுவிட்ட கூடுகள் பெரும்பாலும் எவர் கண்ணிலும் படாமலே மறைந்துபோகின்றன. பொரிக்கும் தறுவாயில் கண்டுபிடிக்கப்படும் கூடுகளோ ஏற்கெனவே பல நாள்கள் தப்பிப் பிழைத்தவை. கண்ட கூடுகளில் எத்தனை வெற்றி பெற்றன என்று மட்டும் எண்ணினால் விடை உண்மையைவிட உயர்ந்தே வரும். அமெரிக்கப் பறவையியலாளர் ஹெரால்டு மேஃபீல்டு 1961இல் இப்பிழையைச் சுட்டிக்காட்டி, ஒவ்வொரு கூடும் கண்காணிப்பில் இருந்த நாள்களைக் கணக்கிட்டு, ஒரு நாளில் ஒரு கூடு பிழைக்கும் வாய்ப்பை மதிப்பிடும் வழியை வகுத்தார். இன்றைய கணிப்பு முறைகள் அதைவிடச் செறிவானவை என்றாலும் அவையும் அதே நாள் கணக்கையே அடித்தளமாகக் கொண்டுள்ளன. ஆகவே, “நேற்றோ முந்தாநாளோ பார்த்தது” என்று நினைவிலிருந்து எழுதப்படும் ஒரு தேதி, வெற்று இடத்தைவிடத் தீங்கானது.

முட்டையும் வளையமும்

கூட்டின் வயதை அறிய முட்டையை மிதக்கவிடும் முறை கையாளப்படுகிறது. அடைகாத்தல் முன்னேறுந்தோறும் முட்டைக்குள் காற்றறை பெரிதாகி அதன் எடை குறைகிறது. எனவே இளஞ்சூடான நீரில் இடப்படும் புதிய முட்டை அடியில் கிடைமட்டமாகக் கிடக்கும், சில நாள் கழிந்தது அகன்ற முனை மேலெழுந்து சாய்ந்து நிற்கும், இன்னும் முதிர்ந்தது நீர்மட்டத்துக்குமேல் எட்டிப் பார்க்கும். சாய்வின் கோணத்தையும் வெளியே தெரியும் பகுதியின் உயரத்தையும் அளந்து, இனத்துக்கேற்ற அட்டவணையோடு ஒப்பிட்டு, குஞ்சு பொரிக்கும் நாள் முன்கூட்டியே மதிப்பிடப்படுகிறது. சிறிய உள்ளான்களில் அடைகாத்தல் மூன்று வாரங்களை ஒட்டியது. அந்த நாள் நெருங்கும்போது பார்வைகள் அடிக்கடி அமைய வேண்டும். ஏனெனில் குஞ்சுகள் பொரித்த ஓரிரு நாளுக்குள் கூட்டைவிட்டு நடந்து சென்றுவிடுகின்றன. வெறுமையான கூட்டை எதிர்கொள்ளும் உதவியாளர், குழியின் அடியிலுள்ள காய்ந்த இலைகளை விரல்களால் விலக்கி, குஞ்சு உள்ளிருந்து ஓட்டைக் கொத்தும்போது உதிரும் மிகச் சிறிய துணுக்குகள் இருக்கின்றனவா என்று தேட வேண்டும். அவை இருந்தால் கூடு வென்றது. அவை இல்லாமல் மஞ்சள் கரு சிதறியோ, ஓடே இல்லாமலோ இருந்தால் பெரும்பாலும் வேட்டைக்கு இரையானது. இரண்டும் தெளிவாக இல்லையென்றால் “முடிவு தெரியவில்லை” என்றே எழுத வேண்டும். இந்த மூன்றாம் விடையை எழுதத் தயங்குபவரால் ஆய்வுக்கு நேரும் கேடு பெரிது.

அடைகாக்கும் பறவையைக் கூட்டின்மேல் வைக்கப்படும் சிறு வில்வலையால் பிடித்து, அலகு, கால், சிறகு ஆகியவற்றின் நீளத்தையும் எடையையும் அளந்து, எண் பொறித்த உலோக வளையமும் நிறக்கொடியும் அணிவித்து விடுவிப்பது அனுமதி பெற்றவர்களின் வேலை. தன்னார்வலர் முதலில் எழுத்தராகவே அமர்த்தப்படுவார். அதைத் தாழ்வாகக் கருத வேண்டியதில்லை. வளைய எண்ணைக் கேட்டவுடன் எழுதி, எழுதியதை உரக்கத் திரும்பப் படித்து உறுதிசெய்யும் அந்த எழுத்தரால்தான் பின்னாளில் வேறொரு கண்டத்தில் அதே பறவை அடையாளம் காணப்படுகிறது. அமெரிக்கக் கண்டங்களில் கொடியின் நிறம் நாட்டைக் குறிக்கிறது: கரும்பச்சை அமெரிக்க ஐக்கிய நாடுகளையும், வெள்ளை கனடாவையும், சிவப்பு சிலியையும், ஆரஞ்சு அர்ஜென்டினாவையும் சுட்டும். முப்பது கிராமைத் தாண்டாத உடலோடு கண்டங்களைக் கடக்கும் ஓர் உள்ளானைக் கையிலேந்தும் வாய்ப்பு உதவியாளருக்கும் ஒரு கட்டத்தில் கிடைக்கும். மழை, பலத்த காற்று, உறைகுளிர் ஆகிய வேளைகளில் முட்டைகள் விரைந்து குளிர்ந்துவிடும் என்பதால் பிடிப்பதைத் தவிர்ப்பதும் கற்றுக்கொள்ள வேண்டிய திறமையே.

கூடுகளோடு நின்றுவிடாமல், பனி மூடிய பரப்பின் விழுக்காட்டை மதிப்பிடுதல், நிலத்தில் புதைத்த கிண்ணப் பொறிகளில் விழும் பூச்சிகளைச் சேகரித்துப் பிரித்தல், லெம்மிங் எனப்படும் தூந்திரா எலிகளைக் கணக்கெடுத்தல் ஆகியவையும் உதவியாளருக்கு வரும். லெம்மிங்குகளின் எண்ணிக்கை பல இடங்களில் மூன்று முதல் ஐந்து ஆண்டு இடைவெளியில் பெருகிச் சரியும் இயல்புடையது. பெருகிய ஆண்டில் பனி ஆந்தைகள் கூடு கட்டுகின்றன, நரிகள் எலிகளால் வயிறு நிரம்புகின்றன, பறவை முட்டைகள் ஓரளவு தப்புகின்றன. சரிந்த ஆண்டில் அதே நரிகள் முட்டைகளின் பக்கம் திரும்புகின்றன. வடகிழக்குக் கிரீன்லாந்தில் 2000ஆம் ஆண்டையொட்டி இந்த ஏற்ற இறக்கம் மங்கிப்போனபோது அவற்றை நம்பிய வேட்டை விலங்குகளும் குறைந்தன. எனவே, பொறி வைத்து எதுவும் அகப்படாத நாளின் சுழியம் பிடிபட்ட நாளின் எண்ணுக்கு நிகரான தரவு. அதைச் சலிப்பின்றி ஒவ்வொரு கட்டத்திலும் எழுதி வைப்பதே பணி. துருவ நரி எவ்வளவு தொலைவு செல்லக்கூடியது என்பதற்கு, 2018இல் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளிலிருந்து புறப்பட்டுக் கடற்பனியைக் கடந்து 76 நாள்களில் 3,506 கிலோமீட்டர் பயணித்துக் கனடாவின் எல்ஸ்மியர் தீவை அடைந்த இளம் பெண் நரி சான்றாகிறது. நார்வே துருவ நிறுவனம் அணிவித்த செயற்கைக்கோள் கழுத்துப்பட்டையால் அப்பயணம் தெரியவந்தது.

விண்ணப்பமும் முன்பயிற்சியும்

இப்பணியிடங்களைப் பல்கலைக்கழக ஆய்வுக்குழுக்கள், அரசு வனவிலங்குத் துறைகள், தனியார் பாதுகாப்பு அமைப்புகள் ஆகியவை குளிர்காலத்திலேயே அறிவித்துவிடுகின்றன. மே மாதத்தில் புறப்பட விரும்புபவர் முந்தைய நவம்பரிலிருந்தே தேடத் தொடங்க வேண்டும். கனடாவின் பைலாட் தீவில் பனிவாத்து, நரி, லெம்மிங் ஆகியவற்றை நெடுங்காலமாக ஆராய்ந்து வரும் லாவால் பல்கலைக்கழகக் குழுவைப் போன்றவை பெரும்பாலும் தம் மாணவர் வட்டத்திலிருந்தே ஆள் எடுக்கும் என்பதால், தொடர்புடைய ஆய்வுக் கட்டுரையைப் படித்து, அதைக் குறிப்பிட்டு, தன் களத் திறன்களைச் சுருக்கமாக எழுதும் நேரடிக் கடிதமே நல்ல வழி. நேரடி ஆய்வுப்பணி கிடைக்காதவர்களுக்கு இடைநிலை வழிகளும் உண்டு. கனடாவில் 1976இல் நிறுவப்பட்ட சர்ச்சில் வட ஆய்வு மையம், சமையலறை, துப்புரவு, பராமரிப்பு ஆகிய வேலைகளுக்கு ஈடாகத் தன்னார்வலர்களுக்கு உணவும் இடமும் தருகிறது. அங்கு வந்துபோகும் ஆய்வாளர்களோடு ஏற்படும் பழக்கம் அடுத்த ஆண்டுக்கான வாயிலாக அமையலாம். பங்கேற்பாளரே கட்டணம் செலுத்தும் எர்த்வாட்ச் போன்ற குறுகிய காலத் திட்டங்கள் நேர்மையானவை, ஆயினும் இரண்டு வாரப் பயணம் ஒரு முழுப் பருவத்தின் பயிற்சியைத் தராது. குறைந்த பொருளில் இத்துறைக்குள் நுழைய விரும்பும் மாணவர் அத்தொகையை முதலுதவிப் பயிற்சிக்கும் நல்ல காலணிக்கும் செலவிடுவது சாலச் சிறந்தது.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருப்பவர்களுக்கு ஒரு வாய்ப்பு அருகிலேயே இருக்கிறது. சைபீரியத் தூந்திராவில் கூடு கட்டும் கொசு உள்ளான்களும் பொன்னிற உப்புக்கொத்திகளும் குளிர்காலத்தைக் கோடியக்கரை, பழவேற்காடு, மன்னார் ஆகிய இடங்களின் உவர்நிலங்களில் கழிக்கின்றன. கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வந்துள்ளது. நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே தொலைநோக்கியோடு செலவிடும் வாரங்கள், ஒன்றுபோல் தோன்றும் சிறு உள்ளான்களைப் பிரித்தறியவும், நெடுநேரம் அசையாமல் எண்ணவும், நிறக்கொடிகளைப் படிக்கவும் பழக்கும். “கணக்கெடுப்பில் பங்கேற்றேன்” என்னும் பொதுவான கூற்றைவிட, எந்த மாதங்களில், எந்தக் கழிமுகத்தில், எம்முறையில் எண்ணப்பட்டது என்ற விவரம் விண்ணப்பத்துக்கு வலிமை சேர்க்கும். இந்தியாவிலிருந்து செல்வோருக்கு மற்றொரு வழி, ஸ்வால்பார்டின் நியூ ஒலேசுண்டில் 2008 முதல் இயங்கிவரும் ஹிமாத்ரி நிலையம். கோவாவிலுள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையத்தின் பொறுப்பிலுள்ள அந்நிலையத்துக்கு ஏற்கப்பட்ட ஆய்வுத் திட்டத்தின் உறுப்பினராகவே செல்ல முடியும்.

விசா குறித்து அலட்சியம் கூடாது. சம்பளமில்லை என்பதால் சுற்றுலா விசா போதும் என்று கருதிவிடாமல், விருந்தளிக்கும் நிறுவனத்திடம் எந்த வகை விசா தேவை என்பதை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். 1920ஆம் ஆண்டு உடன்படிக்கையின்கீழ் ஸ்வால்பார்டுக்கு விசா தேவையில்லை எனினும், நார்வே வழியாகவே போக வேண்டியிருப்பதால் ஷெங்கன் விசாவும், திரும்பும்போது மீண்டும் நுழைய வேண்டியிருப்பதால் ஒருமுறைக்கு மேல் நுழைய இடந்தரும் விசாவும் தேவைப்படுகின்றன. மிக அருகிலுள்ள நகரம்வரை ஆகும் விமானச் செலவைப் பெரும்பாலும் தன்னார்வலரே ஏற்க நேரும். அதன் பிறகான சிறுவிமானம், உணவு, கூடாரம் ஆகியவற்றைத் திட்டம் ஏற்கிறதா, அவசர மீட்பு விமானத்துக்கான காப்பீடு யாருடையது என்னும் இரு கேள்விகளையும் ஒப்புக்கொள்வதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். இவற்றைக் கேட்பதால் ஆர்வக்குறைவு என்று எந்த நல்ல ஆய்வாளரும் எண்ணமாட்டார்.

உடை, கரடி, குளிர்

ஜூன் மாதத்திலும் வெப்பநிலை உறைநிலையை ஒட்டியே நிற்க, ஈரமும் காற்றும் இடைவிடாமல் இருக்கும் தூந்திராவில், கடுங்குளிரைவிட நனைந்த குளிரே ஆபத்தானது. நனைந்த பருத்தி உலராமல் உடற்சூட்டை இழுத்துவிடும் என்பதால் உள்ளாடை முதல் காலுறை வரை பருத்தியை விலக்கி, கம்பளி அல்லது செயற்கை இழை ஆடைகளை அடுக்கடுக்காக அணிந்து, மேலே காற்றும் மழையும் புகாத உறையாடையைக் கொள்ள வேண்டும். நாள் முழுவதும் கணுக்காலுக்கு மேல் நீரில் நடக்க நேர்வதால், தொடை வரை எட்டும் ரப்பர் காலணி பல முகாம்களில் அன்றாட உடையாகிறது. வீட்டிலேயே அணிந்து சுமையோடு நடந்து பழகாத புதிய காலணியை அங்கே முதன்முறையாக அணிவது பருவத்தின் முதல் வாரத்தைக் கொப்புளங்களுக்கு ஒப்புக்கொடுப்பதாகும். ஜூலையில் பெருகும் கொசுக்களுக்குத் தலைவலையும் விரட்டும் களிம்பும் தேவை. ஆயினும் அக்களிம்பு படிந்த விரல்களால் முட்டையையோ பறவையையோ தொடக்கூடாது. எழுதுவதற்கு நீர் புகாத தாளும் பென்சிலும் போதும். குளிரில் பேனாவின் மை நின்றுவிடும். செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவி உயிர் காப்பது என்றாலும், முன் அனுமதியின்றி அத்தகைய கருவியை இந்தியாவுக்குள் கொண்டுவருவது சட்டப்படி குற்றமாகிறது. அதை அங்கேயே குழுவிடமிருந்து பெற்று, அங்கேயே ஒப்படைத்துவிட வேண்டும்.

கரடியைப் பற்றிய பயிற்சி பெரும்பாலான குழுக்களில் கட்டாயமானது. கடலோரத்தில் துருவக் கரடியும், உள்நாட்டுத் தூந்திராவில் பழுப்புக் கரடியும் எதிர்ப்படலாம். பாதுகாப்பின் பெரும்பகுதி சந்திப்புக்கு முன்பே முடிவாகிறது: உணவைக் கூடாரத்தில் வைக்காமை, சமையல் கூடாரத்தை உறங்குமிடத்திலிருந்து விலக்கி அமைத்தல், முகாமைச் சுற்றி மின்வேலி, தனியே நடவாமை, மூடுபனி கவிந்தால் வெளியேறாமை, ஒவ்வொரு மேட்டிலும் நின்று சுற்றிலும் நோக்குதல். வெடியொலி எழுப்பும் கைத்துப்பாக்கி, மிளகுத் தெளிப்பான், இறுதி நிலையில் துப்பாக்கி ஆகியவை அதற்குப் பின்னரே வருகின்றன. துப்பாக்கியைச் சுமக்க விரும்பாதவர் அதை விண்ணப்ப நிலையிலேயே சொல்லிவிடலாம். அவருக்கென வேறு ஏற்பாடு செய்யும் குழுக்களும், காவலுக்கு உள்ளூர் வேட்டைக்காரரை அமர்த்தும் குழுக்களும் உண்டு. பயணியர் விமானத்தில் மிளகுத் தெளிப்பானைக் கொண்டுசெல்ல முடியாது என்பதால் அதைக் கடைசி நகரத்தில் வாங்க வேண்டும். ஸ்வால்பார்டில் 2025 முதல் துருவக் கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டர், மார்ச் முதல் ஜூன் முடிய 500 மீட்டர் விலகி இருப்பது சட்டம்.

கரடியைவிட அடிக்கடி நேர்வன வேறு. சுளுக்கிய கணுக்கால், நடுக்கக்குளிர் என்னும் உடற்சூட்டுக் குறைவு, பனியுருகலால் ஒரே நாளில் பெருகும் ஓடையைக் கடத்தல் ஆகியவையே பெரும்பாலான இடர்களுக்குக் காரணமாகின்றன. எழுத்து கோணுவதும் சிறு கணக்கில் தடுமாறுவதும் நடுக்கக்குளிரின் தொடக்க அறிகுறிகளுள் அடங்கும். உடன் நடப்பவரின் குறிப்பேட்டைப் பார்த்தே அதைக் கண்டுகொள்ளலாம். மருத்துவமனை எட்டாத இடத்துக்கான முதலுதவியில் குறைந்தது இருநாள் பயிற்சியாவது பெற்றிருப்பது நன்று. துருவ நரிகளிடையே வெறிநோய் உண்டு என்பதால், பாலூட்டிகளைக் கையாள இருப்பவர் முன்தடுப்பூசியைப் பற்றி மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். அஞ்சாமல் நெருங்கி வரும் நரி அன்பானது அன்று, நோயுற்றதாக இருக்கக்கூடும். பறவைக் காய்ச்சல் வட அமெரிக்கக் காட்டுப் பறவைகளிடையே பரவிய 2022க்குப் பின், இறந்த பறவையைக் கையுறையின்றித் தொடக்கூடாது என்பதும் பொதுவிதியாகியுள்ளது.

அங்கே வாழும் மக்கள்

தூந்திரா ஆளற்ற நிலம் அன்று. வடக்கு அலாஸ்கா இன்யுபியட் மக்களின் தாயகம். கனடாவின் நுனாவுட் இன்யுட் மக்களின் தாயகம். 1993ஆம் ஆண்டு நுனாவுட் உடன்படிக்கையும் 1999இல் உருவான அப்பிரதேச அரசும் நிலத்தின்மீதும் வனவிலங்கின்மீதும் அம்மக்களுக்குள்ள உரிமையை உறுதிசெய்துள்ளன. அங்கு ஆய்வு செய்ய உரிமம் வேண்டும். 2018இல் கனடாவின் தேசிய இன்யுட் அமைப்பு வெளியிட்ட ஆய்வுக் கொள்கை, தம் நிலத்தில் நடக்கும் ஆய்வின் நோக்கத்தையும் தரவையும் தீர்மானிப்பதில் தமக்குப் பங்கு வேண்டும் என்று கோரியது. தன்னார்வலர் இதை வெறும் அனுமதிச் சடங்காகக் கருதாமலிருக்க ஒரு வரலாறு உதவும். 1977இல் பன்னாட்டுத் திமிங்கல ஆணையம், வில்தலைத் திமிங்கலங்கள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன என்ற மதிப்பீட்டின் பேரில் இன்யுபியட் மக்களின் வேட்டைக்குத் தடை விதித்தது. திமிங்கலங்கள் பனியின் அடியிலும், கரையிலிருந்து காண முடியாத தொலைவிலும் செல்கின்றன, ஆகவே எண்ணிக்கை தவறானது என்று வேட்டைக்காரர்கள் உறுதியாகக் கூறினர். நீருக்கடியில் ஒலிவாங்கிகளை இறக்கி மேற்கொள்ளப்பட்ட பிந்தைய கணக்கெடுப்புகள் அவர்கள் சொன்னதை மெய்ப்பித்து, மதிப்பீட்டைப் பல மடங்கு உயர்த்தின. முறையாக எண்ணியும் பிழைபட முடியும் என்பதையும், அந்நிலத்தில் தலைமுறைகளாக வாழ்வோரின் கூற்று கருதுகோளாகவே மதிக்கப்பட வேண்டும் என்பதையும் இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அரிது. ஊருக்குள் இருக்கும் நாள்களில் கேட்காமல் எவரையும் படம் எடுக்காமையும், வேட்டையையும் அதன் இறைச்சியையும் குறித்துத் தீர்ப்புச் சொல்லாமையும், பள்ளியிலோ சமூகக் கூடத்திலோ ஆய்வைப் பற்றிப் பேச அழைத்தால் மகிழ்வோடு செல்வதும் உதவியாளரின் கடமைகளில் அடங்கும்.

முகாமும் பருவ முடிவும்

உட்கியாக்விக்கில் மே 10ஐ ஒட்டி எழும் சூரியன் ஆகஸ்டு 2ஐ ஒட்டியே மறைகிறது. இரவு இல்லாத இக்காலத்தில் களைப்பை உணராமலே வேலை நீண்டு, உறக்கம் குறைந்து, பிழைகள் பெருகும். கண்ணை மறைக்கும் துணியும், கடிகாரப்படி உறங்கும் ஒழுங்கும் இன்றியமையாதவை. ஐந்தாறு பேர் இரு மாதம் ஒரே கூடாரத்தில் உண்டு வாழும்போது, பாத்திரம் கழுவுதல், நீர் கொணர்ந்து வடிகட்டுதல், கழிவைக் கட்டித் திருப்பியனுப்புதல் ஆகியவற்றில் முறை தவறுபவரால் ஏற்படும் மனக்கசப்பு ஆய்வையே பாதிக்கிறது. மரக்கறி மட்டும் உண்பவர் அதை முதல் கடிதத்திலேயே தெரிவித்தால், அரிசியும் பருப்பும் மசாலாவும் எடையில் குறைந்து நெடுநாள் கெடாதவை என்பதால் ஏற்பாடு எளிது. விமானம் இறங்கிய பிறகு தெரிவித்தால் இயலாது. சிறுவிமானம் வானிலையால் பல நாள் தாமதமாவது இயல்பாகையால், திரும்பும் பன்னாட்டுப் பயணச் சீட்டைக் குறைந்தது ஒரு வார இடைவெளி விட்டே பதிவு செய்ய வேண்டும்.

ஒவ்வொரு மாலையும், உணவுக்கு முன்பாக, அன்றைய குறிப்பேட்டை மற்றொருவரிடம் கொடுத்துச் சரிபார்ப்பது நல்ல முகாம்களின் வழக்கம். தவறான எண்ணை அழிக்காமல் ஒற்றைக் கோட்டால் அடித்து, சரியானதைப் பக்கத்தில் எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். முதலில் எழுதப்பட்டது என்ன என்பதும் பின்வருவோருக்குத் தேவைப்படலாம். பக்கங்களை ஒளிப்படமெடுத்து இருவேறு சேமிப்புகளில் வைப்பதும் அதே மாலையில் முடிய வேண்டும்.

பருவ முடிவில் எல்லாக் கூட்டுக் குறிகளையும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பிடுங்கி எடுப்பது, மறந்த ஒரு குச்சி மறு ஆண்டு வருபவரைத் தவறான கூட்டுக்கு இட்டுச் செல்லும் என்பதால், கடைசி வாரத்தின் தலையாய வேலையாகிறது. நினைவுப்பொருளாக இறகோ முட்டையோடோ எடுத்துவருவதை அமெரிக்காவின் 1918ஆம் ஆண்டு வலசைப் பறவைச் சட்டமும், கடற்பாலூட்டிகளின் எலும்பையும் தந்தத்தையும் எடுத்துவருவதை 1972ஆம் ஆண்டுச் சட்டமும் கட்டுப்படுத்துகின்றன. விடைபெறுவதற்கு முன் உதவியாளர் தம் கூடுகளுள் “முடிவு தெரியவில்லை” என்று எழுதியவற்றை ஆய்வாளரோடு அமர்ந்து ஒவ்வொன்றாகப் பேசிவிட வேண்டும். நினைவு புதிதாக இருக்கும்போது சொல்லப்படும் ஒரு விவரம், குழியின் ஈரமோ நரியின் கால்தடமோ, குறிப்பில் சேர்க்கப்படலாம். பரிந்துரைக் கடிதம், தரவுப் பயன்பாடு, கட்டுரையில் நன்றி குறிப்பிடுதல் ஆகியவற்றைப் பற்றிய பேச்சையும் அந்த அமர்விலேயே முடித்துக்கொள்வது இருவருக்கும் வசதியானது. விமானம் வந்துவிட்டால், வானிலை மாறுவதற்குள் மூட்டைகளை ஏற்றுவதைத் தவிர வேறெதற்கும் நேரம் இராது.